பெற்றோர் வாக்கும் ஆசிரியர் வாக்கும்

தாய் தந்தையர் மக்களுக்கு வைத்துச் செல்லுஞ் செல்வங்களுள் காணியும் பொன்னும் பங்கிடப் பங்கிடக் குறையும். வாக்கு என்னுஞ் செல்வமோ எத்தனை மக்கள் இருப்பினும் ஒவ்வொருவர்க்கும் முழுதாகவே சேரும். பிறர் பங்கிற் கை வையாதே, தனித்து உண்ணாதே, பொழுது பட்டதும் விளக்கேற்று, வாங்கிய கடனை மறவாதே என வீடுகளில் நாடோறும் வழங்குஞ் சிறு சொற்களையே ஈண்டு வாக்கு என்கின்றோம்.

இவற்றைப் பொருள் விளங்கும் பருவம் வந்தபின் கூறினாற் போதும் என்பாரும் உளர். அது பொருந்தாது. குழந்தை இலக்கணங் கற்றபின் பேசத் தொடங்குவதில்லை; பேசிப் பழகியபின் இலக்கணம் விளங்குகின்றது. ஒழுக்கமும் அத்தகையதே. ஔவையார் அருளிய ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதன் நோக்கமும் இதுவே போலும். எழுத்தை அறியும் நாளிலேயே அறமும் நாவில் ஏறிவிடுகின்றது. பொருள் பின்னர் வந்து சேரும்.

ஆயினும் பொருளறியாப் பருவத்திற் கொடுக்கப்படும் வாக்கு ஒருவகைக் கடனாம். பிள்ளை நம்பி ஏற்றுக்கொள்கின்றது. அந்நம்பிக்கைக்குப் பிணையாய் நிற்பது பெற்றோரின் ஒழுக்கம். பத்துப் பன்னிரண்டு வயதளவில் பிள்ளை அப்பிணையைச் சோதித்துப் பார்க்கும். வாயாற் கேட்டுச் சோதிப்பதன்று. கண்ணாற் பார்த்துச் சோதிப்பது. அது பார்ப்பது யாது? வாக்கைக் காப்பதனால் வீட்டிற்கு நட்டம் வரும் நாளில் தந்தையும் தாயும் என் செய்கின்றனர் என்பதே. இலாபம் வரும் நாளில் எல்லாரும் உண்மை பேசுவர். கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்கும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என மகனை அனுப்புகின்ற தந்தை, அதுகாறும் வாய்மையைப்பற்றிக் கூறிய நூறு வாக்குக்களையும் அக்கணமே திரும்பப் பெற்றுக்கொண்டவன் ஆவான்.

இதுவரை கூறியவற்றை உபாத்தியாயர்கள் எவரும் மறார். வீட்டில் ஒருவகை வாக்கும் பாடசாலையில் மற்றொருவகை வாக்கும் வழங்குமிடத்து ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்பதே ஆராய்ச்சிக்குரியது. பொதுப்படக் கூறின் இது தெளிவாகாது. ஆதலின் ஓரிடத்தை வைத்துக் கூறுவோம்.

புத்தளம் மாவட்டக் கரையோரம் சைவர்களுக்குப் புதிய இடம் அன்று. சிலாபத்துக்கு அணித்தாக முன்னேசுவரம் விளங்குகின்றது. 1578 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட அத்திருக்கோயிலைக் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் புதுப்பித்து, 1753 ஆம் ஆண்டில் மீண்டும் பூசை நடைபெறச் செய்தான். சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு நீருக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலே உடப்பு என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. தம் முன்னோர் இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்தோர் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் வரலாறு. இக்கரையின் மீனவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள தலவில அன்னம்மாள் தேவாலயத்துக்குத் திரளுங் கூட்டமே அதற்குச் சான்று. உடப்பு சைவத்தில் நின்றது. ஆடி மாதத்தில் அங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்தில் நிகழுந் தீமிதிப்பைக் காண வெளியூரார் பலரும் செல்வர்.

உடப்பின் பழந்தொழில் கரைவலை. தென்மேற்குப் பருவக் காற்று அடங்கிக் கடல் அமைதியுறும் மாதங்களில் தோணியில் வலையை ஏற்றிச் சென்று வளைத்து விட்டு, இரு புறத்துக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பர். இழுப்போர் அம்பா பாடுவர். வலையின் மடி கரையேறியபின் பங்கு நடைபெறும்: வலைக்கும் தோணிக்கும் உரியவர்க்கு ஒரு பங்கு, எஞ்சியது இழுத்தோர்க்கு. சிறுவனும் ஒரு கயிற்றைப் பிடித்திருப்பின் அவனுக்கும் அவன் அளவிற்கு ஏதேனும் உண்டு. பிறர் பங்கிற் கை வையாதே என்னும் வாக்கு அவனுக்கு ஏட்டுச் சொல் அன்று. ஈர மணலில், எல்லார் கண்ணுக்கும் முன்னே, தந்தை கையால் நிறைவேற்றப்படுவது. வலைக்காலத்தில் இப்பிள்ளைகள் பாடசாலைக்கு வாராமையைக் குறித்து வரவுப் புத்தகத்தைக் காட்டி வருந்தும் ஆசிரியர்களின் நியாயத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பிள்ளை அன்று கற்றது ஒன்றுமில்லை என்று எண்ணுதல் தவறு.

இனி வருவதே இடர்ப்பாடு. கடற்கரையிற் பங்கு பெற்ற அச்சிறுவன் மறுநாட் பாடசாலைக்கு வருகின்றான். அன்று சமயபாடம், பாடப்பொருள் கொல்லாமை. ஆசிரியர் நன்றாகவே கற்பிக்கின்றார். ஓருயிரையும் கொல்லாதிருத்தல் அறங்களுட் சிறந்தது. கொன்றதைத் தின்றல் அதனோடு ஒத்த குற்றம். பிள்ளை எழுந்து, "ஐயா, அப்பா செய்வது பாவமா?" என்று கேட்பின் ஆசிரியர் யாது கூறுவார்?

ஆம், பாவமே என்று கூறுவாரும் உளர். அவர் நூலுக்கு உண்மையாய் நின்றார். ஆனால் கொன்றைவேந்தனின் தொடக்கத்திலேயே அன்னையும் பிதாவும் முதலில் அறியப்படுந் தெய்வம் என்று தாம் கற்பித்ததை அப்பொழுதே அழித்தார். அன்று மாலை அப்பிள்ளை தன் தந்தை கையாற் பெற்ற சோற்றை எம்முகத்தோடு உண்ணும்? இல்லை, உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது என்று கூறுவாரும் உளர். அவர் பிள்ளையின் மனத்தைக் காத்தார், அறத்தைக் கைவிட்டார். வசதியில்லாதவிடத்து அறம் இல்லை என்பதே அப்பிள்ளை அதனாற் கற்கும் பாடம். மூன்றாவது வழி ஒன்றுண்டு, அதுவே பெருவழக்கு. "பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்" என்று கூறி அப்பாற் செல்வது. மூன்றனுள்ளும் மிகக் கொடியது இதுவே என்பது எம் துணிபு. முதலிரண்டினும் ஏதோ ஒன்றேனும் உண்மையென எண்ணப்படுகின்றது. மூன்றாவதிலோ வாக்கு என்பது மதிப்பெண் பெறுதற்கு ஒரு கருவியாய் முடிகின்றது.

இவ்விடர்ப்பாடு எங்ஙனம் வந்தது? ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பாலபாட நூல்களை ஆக்கினார். கொலையையும் புலாலுண்ணலையும் அவர் அவற்றில் வன்மையாகக் கடிந்தார். புலால் உண்ணாக் குடும்பத்துப் பிள்ளை அப்பாடத்தைப் படித்தபோது வீட்டிற் கேட்ட வாக்கையே பாடசாலையிலும் கேட்டது. வாக்கு இரட்டிப்பு வலிமை பெற்றது. அதே நூல் கடற்கரைப் பிள்ளையின் கையிற் சேர்ந்தபோது நிலைமை வேறாயிற்று. நூலின் குற்றமன்று, நூலுக்கும் வீட்டுக்கும் இடையே நின்று பொருத்துவார் இல்லாமையின் குற்றம். 1960 ஆம் ஆண்டுக்குப்பின் சைவர் நடாத்திய பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. சமயம் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்றாய் நின்றது. பொருத்துதற்குரிய வேலை அதனாற் குறையவில்லை, மிகுந்தது.

வழக்கிலுள்ள ஒரு சொல்லையும் ஈண்டு நினைத்தல் தகும். ஈழநாட்டுத் தமிழர் புலாலுணவை மச்சம் என்பர். மரக்கறியுணவைச் சைவம் என்பர். சமயத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. இதனாற் சமயத்துக்குப் பெருமையே என்று சிலர் மகிழ்வர். ஆனால் "நாங்கள் சைவம் இல்லை, மச்சம் சாப்பிடுவோம்" என்று திருநீறு அணிந்த மீனவப் பிள்ளை கூறும்போது, தான் சைவன் அல்லன் என்று தன் வாயாலேயே கூறுகின்றது. சொல் விளையாட்டு என்று இதனைத் தள்ளிவிடுதல் ஆகாது. தன் வீடு சமயத்துக்குப் புறம்பானது என்னும் எண்ணம் இத்தகைய சிறு சொற்களாலேயே பிள்ளையின் நெஞ்சிற் படிகின்றது.

கத்தோலிக்கர் இவ்வகையில் என் செய்கின்றனர் என்று நோக்குதல் நன்று. அவர்கள் மீனவப் பிள்ளைக்கு முதலிற் கூறுவது இராயப்பர் கதை. அவர் கலிலேயாக் கடலில் வலை வீசியவர். இயேசுவின் சீடருள் முதலிடம் பெற்றவர். தன் தந்தையின் தொழிலைச் செய்தவர் ஒருவர் பீடத்தில் இருக்கக் காணும் பிள்ளை அக்கோயிலை அயலாக எண்ணுமா? நமக்கு அத்தகையவர் இல்லை என்பதன்று. நாகைக் கடற்கரையில் நுளையர் குலத்தில் தோன்றிய அதிபத்த நாயனார் இருக்கின்றார். அந்தணராகிய சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவருக்குத் தம்மை அடியார் என்று கூறிக்கொண்டார். அறுபத்துமூவர் திருவுருவங்கள் உலாவரும் இடந்தோறும் அவரும் உலா வருகின்றார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அவர் சரிதம் எத்தனைமுறை எடுத்துரைக்கப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குள் வினவிக்கொள்ளலாம்.

அச்சரிதம் யாவரும் அறிந்ததே. ஆயினும் நம் வினாவுக்கு வேண்டிய அளவிற் கூறுவோம். நாடோறும் வலையிற் படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவிடுதல் அவர் நியமம். பின் ஒருகாலத்தில் மீன் அருகிற்று. நாளுக்கு ஒரு மீனே வலையிற் பட்டது. பட்ட அவ்வொன்றையும் இறைவனுக்கே விட்டார். செல்வம் சுருங்கிற்று, சுற்றத்தார் பசித்தனர். முடிவில் ஒருநாள் பொன்னும் மணியும் ஒளிவிடும் மீன் ஒன்று அகப்பட்டது. உலகத்தையே விலையாகப் பெறுதற்குரிய அதனையும் அவர் விட்டார், இறைவன் வெளிப்பட்டருளினார்.

இங்கே ஒரு தடை எழும். தம் நியமத்துக்காகச் சுற்றத்தாரைப் பசிக்க வைத்தல் அறமா? பிள்ளைகள் இதனைக் கட்டாயம் கேட்பர். கேளாராயின் அவர்கள் கதையைக் கேட்கவில்லை என்பதே பொருள். சேக்கிழார் சுவாமிகள் அப்பசியை மறைக்கவில்லை. மறைக்க அவருக்கு எளிது. யாமும் இதனை எளிதாக்கிக் கூறோம். பசித்த நாளில் நியமத்தை விடும் தந்தை பிள்ளைக்கு ஒரு மீனைக் கொடுத்து ஒரு வாக்கை எடுத்துக்கொள்கின்றான் என்பது மெய். ஆயினும் நாயன்மார் நிலை நம்மனோர்க்கு அளவுகோல் அன்று. தம் குடி தாங்கும் அளவிற்கு நேர்ந்துகொண்டு, நேர்ந்ததை ஒருநாளும் விடாதிருத்தலே இல்லறத்தார்க்குத் தக்கது. பெரிய வாக்கைக் கொடுத்து அடிக்கடி மீறும் வீட்டினும், சிறிய வாக்கைக் கொடுத்து மீறாத வீடு பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம்.

இச்சரிதத்தில் இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. ஏனை அடியார்கள் மலரையும் அன்னத்தையும் பொன்னையும் கொடுத்தனர். அதிபத்தர் கொடுத்ததோ விடுதல். அவர் வழிபாடு ஒரு மீனைப் பற்றாமல் விடுவதாகவே அமைந்தது. வலைத்தொழிலை அவர் விட்டவரல்லர். விட்டபின்னரே அடியாரானார் என்று புராணம் கூறவுமில்லை. ஆனால் அத்தொழிலின் நடுவிலேயே, நாள்தோறும், கைக்கு எட்டியதை விடுகின்ற ஒரு கணம் இருந்தது. கொல்லாமை என்னும் பேரறத்தின் வித்து அக்கணத்தில் இல்லையா? சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிமுறை வகுத்ததும், ஆன்மாக்களின் பக்குவம் நோக்கியே இறைவன் அருள் செய்கின்றான் என்பதும் ஆசிரியர்கள் கற்பிக்கும் பாடங்களே. மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பவனைப் படிக்குப் புறம்பானவன் என்றல் சித்தாந்தமாகாது.

திருக்குறளிற் புலான்மறுத்தல் 26 ஆம் அதிகாரம். கொல்லாமை 33 ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு, இல்லறத்தார்க்கு அவை வேண்டா என்று சாதிப்பார் சிலர். வைப்புமுறை ஒன்றாலேயே அங்ஙனம் கொள்ளுதற்கு யாம் இசையோம். துறவை நோக்கி நடக்கும் வழியில் இல்லறமும் உள்ளது. வழியின் முடிவில் வைக்கப்பட்டது வழியில் நடப்போர்க்கும் இலக்கே. ஆகையால் "ஐயா, அப்பா செய்வது பாவமா?" என்ற பிள்ளைக்குக் கொல்லாமை மெய்யன்று என்று கூறுதல் கூடாது. ஆனால் அதனை எங்கிருந்து தொடங்கிக் கூறுவது?

அவன் வீட்டிலிருந்தே தொடங்கலாம். "வெள்ளிக்கிழமை உன் வீட்டில் என்ன சமைப்பார்கள்?" என்று ஆசிரியர் அவனைக் கேட்கட்டும். "இன்று வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை" என்பது ஈழத்துச் சைவ வீடுகளில் தாய்மார் கூறும் பழைய வாக்கு. மச்சம் சமைத்த சட்டியை அன்று அடுப்பில் ஏற்றாத வீடுகள் பல. கந்தசட்டியிலும் திருவெம்பாவையிலும் சிவராத்திரியிலும் இவ்வாக்கு நீளும்; தீமிதிப்புக்கு நோன்பு ஏற்போர் அந்நாள்களிற் புலாலை விலக்குவர். பட்டணத்து வீட்டில் இஃது எளிது. சந்தையில் மீனுக்குக் கொடுக்கும் பணத்தைக் கத்தரிக்காய்க்குக் கொடுத்தால் முடிந்தது. மீனவர் வீட்டிலோ மீன் விலையின்றி முற்றத்துக்கு வரும். மரக்கறிக்கே பணம் வேண்டும். அம்மணற்றரையில் கத்தரியும் வெண்டியும் எளிதில் விளைவனவல்ல. கையில் இருப்பதை விலக்கி, இல்லாததை விலைகொடுத்து வாங்கி ஒருநாள் காக்கின்ற அத்தாய், தன் வாக்குக்கு வாரந்தோறும் பிணை கொடுக்கின்றாள். கொல்லாமையைப்பற்றி ஒரு மணிநேரம் விரிவுரை செய்யும் ஆசிரியருக்கு அதனால் யாது செலவு?

ஆசிரியர் அப்பிள்ளைக்கு, "உன் தாய் வெள்ளிக்கிழமை காக்கின்றது எதுவோ, அதுவே இப்பாடத்தின் தொடக்கம், ஒருநாள் காக்கக் கற்றவர் மேலும் காக்கக் கற்பர், எத்தனை நாள் என்பதை நீ வளர்ந்து உன் மனச்சாட்சியோடு பேசித் தீர்மானிப்பாய்" என்று கூறலாம். இதனால் அறமும் குன்றவில்லை, தாயும் குன்றவில்லை. பிள்ளை வீட்டுக்குச் சென்று அச்சட்டியைப் புதிய கண்ணோடு பார்க்கும்.

அற்றேல், வீட்டு வழக்கம் எதுவாயினும் அதற்கு இவ்வாறு இடங்கொடுக்கலாமோ எனின், கூடாது. முன்னேசுவரத்துப் பத்திரகாளி கோயிலில் நேர்த்தியாக ஆடு பலியிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது சிவாலயத்துக்கு அயலிலுள்ள வேறு கோயில். தமிழரும் சிங்களவரும் அங்கு நேர்ந்துகொள்வர். 2011 ஆம் ஆண்டில் வெளியார் எதிர்ப்பினாலும் அரசியலார் தலையீட்டினாலும் அப்பலி தடைப்பட்டது. நாவலர் வழிநின்ற சைவர்கள் தேவதைகளுக்கு உயிர்ப்பலியிடுதலை அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டித்தவர்கள். வலைஞன் மீன் பிடித்தல் பசியினால். வீட்டில் உலை ஏற வேண்டும். பலி அங்ஙனமன்று. நோய் தீர்ந்தமைக்கு நன்றி கூறுதல் நோக்கமாயின் அதனை வேறு நூறு வழியாற் கூறலாம். தனக்கு வந்த துன்பத்தின் விலையைப் பிறிதோர் உயிர் கொடுக்கட்டும் என்பதைப் பிள்ளைக்கு வாக்காகக் கொடுத்தல் தகாது. ஆசிரியர் இதனை நேரே மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆயினும் வாகனங்களில் வந்தோர் ஆடுகளைக் கைப்பற்றிச் சென்றமையால் மாத்திரம் நேர்த்தி வைத்தோர் நெஞ்சு மாறியிருக்கும் என்று யாம் நம்பவில்லை. அந்நேர்த்திக்கு ஈடாக வீடு வேறொன்றை மனமுவந்து ஏற்றாலன்றி, தடை ஒருநாள் தளரும், பலி மீளும். அம்மாற்றத்தை வீட்டாரோடு பேசிப் பேசியே உண்டாக்க வேண்டும். அதற்குத் தக்கவர் ஊரவரால் மதிக்கப்படும் ஆசிரியரே.

இக்கரையோரத்தில் இவ்வேலைக்குக் காலம் நீளமாக இல்லை. சிலாபத்துக்குத் தெற்கே, நீர்கொழும்பு வரையுள்ள பல ஊர்களில் பாட்டி தமிழிலும் பேரன் சிங்களத்திலும் பேசும் நிலை சென்ற நூற்றாண்டில் உண்டாயிற்று. மொழி மாறுதல் பாவமன்று. சிங்களத்திலும் நல்வாக்குக்கள் நிறைய உள. ஆனால் பாட்டியின் வாக்கு பேரன் செவியில் வெறும் ஓசையாய் முடியும்போது, அவ்வாக்கின் பின்னே நின்ற நோன்பும் சட்டியும் விளக்கும் காரணம் அறியப்படாத பழக்கங்களாகின்றன. காரணம் அறியப்படாத பழக்கம் அடுத்த தலைமுறையில் நகைக்கப்படும். தமிழ்ப் பாடசாலை நிலைத்திருக்கும் உடப்பு, ஆண்டிமுனை முதலிய ஊர்களில் அந்நிலை இன்னும் வரவில்லை. அங்குள்ள ஆசிரியர், பிள்ளைகள் தம் பாட்டிமார் வாயிலிருந்து வீட்டு வாக்குக்களைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அம்பாப் பாடல்களைத் தொகுத்தோர் உளர். வீட்டு வாக்குக்களும் அவ்வாறு தொகுக்கப்படின், பாடநூலிலுள்ள நீதிவாக்கியங்களோடு அவற்றை ஒப்பிட்டுக் காட்டுதல் கடினமன்று. அவற்றுட் சில கொள்ளத்தகாதனவாகவும் இருக்கும். அவற்றையும் மறையாது எழுதி, ஏன் கொள்ளலாகாது என்று வகுப்பிலேயே ஆராயலாம்.

அதிபத்த நாயனார் குருபூசை ஆவணி மாதத்து ஆயிலிய நாளில் வரும். நாகபட்டினத்தில் அந்நாளிற் பொன்மீனைக் கடலில் விடுந் திருவிழா நடைபெறுகின்றது. நம் கடற்கரைப் பாடசாலைகளிலும் அதனை நடத்துதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டா. அந்நாள் விடுமுறையில் வருமாயின் பாடசாலை திறந்த முதல் வாரத்திற் செய்யலாம். தேவாரம் ஓதி, சரிதத்தைப் பிள்ளைகளுள் ஒருவரே எடுத்துரைக்க, வலை இழுக்கும் தந்தையரையும் அன்று பாடசாலைக்கு அழைத்து முன்வரிசையில் இருத்துதல் வேண்டும். காலையில் வலை இருக்குமாதலின் மாலைப்பொழுதே அவர்களுக்கு இசையும்.